தம்பி வளர்த்த கடல்பாய்

எங்கள் படுக்கையறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியபோது முதலில் மழை என்றுதான் நினைத்தேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சொட்டிய இடத்தை விரலால் தொட்டேன். ஏனோ நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. அந்தக் குடியிருப்புக்கு நாங்கள் வந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. மேல்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. சண்டைக்குத் தயாராகத்தான் படியேறினேன்.

கதவு திறந்தே கிடந்தது. ஐம்பதை நெருங்கிய ஒரு பெண்மணி தரையில் முழங்காலிட்டுப் பழைய துண்டுகளால் தண்ணீரை ஒற்றிக்கொண்டிருந்தார். சுவரோரம் ஒரு பெரிய மீன்தொட்டி, அதில் பாதித் தண்ணீர்தான். தொட்டிக்கு முன்னால் ஒரு முக்காலியில் குட்டையான, பருத்த ஒருவர் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். சற்றே மேல்நோக்கிச் சாய்ந்த சிறிய கண்கள், சின்னக் காதுகள், வாய்க்குள் அடங்காத நாக்கு. வயதைச் சொல்ல முடியாத முகம். என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, "உங்க வீட்டுக்கு மீன் வந்துச்சா?" என்று கேட்டார்.

தண்ணீர் மாற்றும்போது குழாய் வாளியிலிருந்து நழுவிவிட்டதாம். அந்தப் பெண்மணி வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார். தண்ணீர் எல்லாம் கீழே போகிறதென்றால் மீனும் கீழேதான் போயிருக்கும் என்று இவர் முடிவுகட்டிவிட்டார். மீன் வரவில்லை, தண்ணீர் மட்டும்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்யவேண்டியிருந்தது. சண்டைக்குப் போனவள், அரை மணி நேரம் துண்டு பிழிந்துகொடுத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

அப்படித்தான் எனக்கு அக்காவையும் தம்பியையும் தெரியும். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவருடைய தம்பியை எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிட்டோம். அப்போது தம்பிக்கு முப்பத்து நான்கு வயது. என்னைவிட நான்கு வயது மூத்தவர். பள்ளிக்கூடம் போகும் என் பிள்ளைகளும் அவரைத் தம்பி என்றே கூப்பிட்டார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. என்னைக் கீழக்கா என்பார். கீழ்வீட்டு அக்கா என்பதைச் சுருக்கிக்கொண்டது.

அக்காவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடையின் முன்பக்கத்தில் விளக்கும் நிலைக்கண்ணாடியும் வந்து போகிறவர்களும். பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சிறிய அறையில் அக்கா உட்கார்ந்து, சுழலும் சக்கரத்தில் லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து எடுப்பார். மயிரிழை கூடினால் சட்டத்தில் உட்காராது. குறைந்தால் கழன்று விழும். இருபது வருடத்துக்கு மேலாக அந்த அறையில் இருந்ததால் எதையும் கண்ணுக்கு அருகில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. காய்கறியையும் அப்படித்தான் பார்ப்பார்.

அவர்களுடைய அம்மா நாற்பத்து மூன்று வயதில் பெற்ற பிள்ளை தம்பி. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. பத்து வயதைத் தாண்டமாட்டான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவன் பத்தைத் தாண்டினான், அப்பா போனார். அவன் பதினைந்தைத் தொட்டான், அம்மா போனார். அக்காவுக்கு அப்போது இருபத்தொன்பது. இவர்கள் இருவருக்கும் மூத்த அண்ணன் ஒருவர் வேறு ஊரில் குடும்பத்தோடு இருந்தார். மாதம் ஒருமுறை போன் செய்வார். அக்காவுக்கு ஒரு சம்பந்தம் கைகூடும் அளவுக்கு வந்ததாம். மாப்பிள்ளை நல்ல மாதிரிதான். கல்யாணத்துக்குப் பிறகு தம்பியை எங்கே வைப்பதாக இருக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டிருக்கிறார்.

"எங்க வைக்கறதுன்னு கேட்டாரும்மா, பீரோவைக் கேக்கற மாதிரி," என்று அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துக் கடை வண்ணமீன் கடை. அக்கா வேலை முடித்து வரும்வரை தம்பி அங்கேதான் உட்கார்ந்திருப்பார். மீன்கடைக்காரருக்கு ஒரு முழங்கால் மடங்காது. எழுந்து உட்காரச் சிரமப்படுகிறவர். வலைகளை அலசிக் காயப்போட, மூடிகளைத் துடைத்து அடுக்க, தம்பி அங்கே இருந்தது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது. அந்தக் கடையில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி ஒன்று இருந்தது. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பெரியதற்கு அக்கா என்றும் சின்னதற்குத் தம்பி என்றும் தம்பி பெயர் வைத்திருந்தார். ஒரு நாள் யாரோ வந்து அந்த ஜோடியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தம்பி மூன்று நாள் வாயில் எதுவும் வைக்கவில்லை. நான்காம் நாள் மீன்கடைக்காரர் மடங்காத காலோடு பஸ் ஏறிப்போய், வாங்கியவரிடம் கெஞ்சிக் கூத்தாடி மீனைத் திருப்பிக் கொண்டுவந்தார். பிறகு அக்காவிடம் வந்து, இப்படியே போனால் நான் கடை நடத்தமுடியாது, நீங்களே ஒரு தொட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கடல்மீன் தொட்டி வைப்பது சாதாரண வேலை இல்லை. தண்ணீரைச் சுத்திகரித்து, கடல் உப்பைக் கலந்து, ஒரு துளியை ஒரு கருவியில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அளவு பார்க்கவேண்டும். ஆவியாகிக் குறைவது தண்ணீர் மட்டுமே, உப்பு அப்படியே இருக்கும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்றவேண்டும். அக்காவுக்கு இதெல்லாம் கைவந்த கலையாகிவிட்டது. லென்ஸைப் பார்க்கிற மாதிரியே அந்தக் கருவியையும் ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். தம்பிக்கு ஒரே ஒரு குறை. கடையில் பெரிய தொட்டியில், பூப்போல இழைகளை விரிக்கும் கடல் அனிமோன் என்ற உயிரினம் ஒன்று இருந்தது. கோமாளி மீன்கள் அதற்குள்தான் படுக்குமாம். அது நம் வீட்டில் ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தொட்டிக்கு ஒரு வயதாவது ஆகவேண்டும், அதற்கு முன் வைத்தால் செத்துப்போகும் என்று மீன்கடைக்காரர் சொல்லிவிட்டார். ஒரு வருடம் தினமும் காலையில் தம்பி, "இன்னிக்கா?" என்று கேட்பார். அக்கா தினமும், "இன்னிக்கு இல்ல," என்பார். இருவரும் சலிக்கவில்லை.

அது வந்த நாளில் நானும் மேலே இருந்தேன். பிளாஸ்டிக் பையில் நனைந்த மிதியடியைச் சுருட்டி வைத்ததுபோல இருந்தது. இதற்கா இத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று தோன்றியது. மறுநாள் போய்ப் பார்த்தேன். அதன் அடிப்பாகம் மணலுக்குள் இறங்கி அடிக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. மேலே ஒரு தாம்பாளம் அளவுக்கு விரிந்து, பச்சையும் பழுப்புமாகக் குட்டைக் குட்டை இழைகள் நெருக்கமாக அசைந்தன. கம்பள வகை என்று மீன்கடைக்காரர் சொல்லியிருந்தார். தம்பி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாய்," என்றார். யாருக்குப் பாய் என்று அக்கா கேட்டார். தம்பி படுக்க, என்று சின்ன மீனைக் காட்டினார். அன்றிலிருந்து அதற்குப் பாய் என்றே பெயர்.

ஆனால் மீன்கள் பாயில் படுக்கவில்லை. தொட்டியின் மூலையில், தண்ணீரைச் சூடாக்கும் குழலுக்குப் பின்னால்தான் ஒண்டிக்கொண்டிருந்தன. சில மீன்கள் கடைசிவரை போகாது என்று மீன்கடைக்காரர் சொன்னதை அக்கா தம்பியிடம் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மதியம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவை உடைக்கிற மாதிரி தட்டினார் தம்பி.

"கீழக்கா, தம்பி படுத்துட்டான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குத்தான் ஏதோ என்று பயந்து என் கணவர் எச்சில் கையோடு ஓடினார். எதிர்வீட்டுக்காரர்களும் ஓடிவந்தார்கள். அங்கே போனால், சின்ன மீன் பாயின் ஓரத்தில் வயிற்றைத் தேய்த்துவிட்டு ஓடுகிறது, திரும்பி வருகிறது, மறுபடி தேய்க்கிறது. கடைசியில் இழைகளுக்குள் புகுந்து புரண்டது. ஏழெட்டுப் பேர் கை காயக் காயத் தொட்டிமுன் நின்றோம். யாராவது பேச வாய் திறந்தால் தம்பி உதட்டில் விரல் வைத்து அதட்டினார். மறுநாள் பெரிய மீனும் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்தப் பாய் எல்லோருக்கும் பாய் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தொட்டி வெறிச்சென்று இருக்கிறதே என்று அக்கா ஒரு மஞ்சள் மீனை வாங்கி விட்டார். இரண்டாம் நாள் அது பாயின் மேல் உரசிப்போனது, ஒட்டிக்கொண்டது, பாய் நாலாபுறமும் மடிந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டது. தம்பி கண்ணெதிரே நடந்தது. கண்ணாடியைக் கையால் அடித்தார், அழுதார். ஒரு வாரம் தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. நம் இரண்டு மீனுக்கும் உடம்பில் ஒரு வழவழப்பு இருக்கிறது, அதனால் பாய்க்கு அவை தின்கிற பொருளாகத் தெரியாது, மற்ற மீன்களையும் அது தெரிந்து பிடிப்பதில்லை என்று அக்கா பொறுமையாகச் சொன்னார். அது தப்புதான் என்றார் தம்பி. ஆமாம், தப்புதான் என்று அக்கா ஒத்துக்கொண்ட பிறகுதான் சமாதானமானார்.

இப்படி நான்கைந்து வருடம் ஓடியது. தம்பிக்கு முப்பத்தொன்பது வயதானபோது ஒரு காலையில் பெரிய மீனைக் காணவில்லை. கோமாளி மீன்கள் சில சமயம் தொட்டியை விட்டுத் துள்ளிவிடும். மூடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்திருக்கிறது. தொட்டிக்குப் பின்னால் சுவரோரம் காய்ந்து கிடந்ததைத் தம்பியேதான் கண்டெடுத்தார். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, அழாமல், வழக்கமான குரலில் கேட்டாராம்:

"அக்கா செத்துட்டா தம்பிய யாரு பாப்பா?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட அணைக்கத் தோன்றவில்லை என்றார் அக்கா. அன்றைக்கு அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்து நான்கு வருடமாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை வேறொருவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

உடனே தம்பியையும் கூட்டிக்கொண்டு மீன்கடைக்காரரிடம் போனார். அவர் கவலைப்படாதே என்றார். இந்த மீன் சாதியில் பெரியதுதான் பெண். அது போய்விட்டால் சின்ன ஆண்மீன் தானே வளர்ந்து பெண்ணாக மாறிவிடும். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு சின்ன மீனை விட்டால் போதும் என்றார். அக்கா அதைத் தம்பிக்குப் புரிகிறபடி, "தம்பியே அக்கா ஆயிடும்டா," என்று சொன்னார்.

தம்பிக்கு அது பெரிய வேடிக்கையாகப் போய்விட்டது. கடையிலேயே சிரித்து உருண்டாராம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தவர், மாடிப்படியில் நின்று, நானுமா என்று கேட்டார். அக்கா யோசிக்காமல், ஆமாம், நீயும்தான் என்று சொல்லிவிட்டார்.

தம்பி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் அக்கா வேலை முடித்து வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "சாப்டியா? மாத்திரை போட்டியா?" என்று அக்காவின் குரலிலேயே அதட்டிக் கேட்டார். அக்கா சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். தட்டில் மிச்சம் வைத்தால் கோபம் வரும். அந்த நாட்களில் அக்கா கொஞ்சம் சதைபோட்டுவிட்டார் என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம். தொட்டியில் சின்ன மீனும் மெல்ல மெல்லப் பெருத்தது. சில மாதம் கழித்து இன்னொரு குட்டி மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குத் தம்பி என்று பெயர். பழைய தம்பி இப்போது அக்கா. பெயர் மாற்றத்தில் எங்களுக்குத்தான் குழப்பம் வந்ததே தவிர, அவருக்கு ஒருநாளும் வரவில்லை.

அக்கா மட்டும் அந்தக் கேள்வியை விடவில்லை. தொட்டி வேலைகளைத் தம்பிக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். கண்ணாடியில் ஒரு சிவப்பு ஒட்டுத்தாள். தண்ணீர் அதற்குக் கீழே போனால் நீலமூடி வாளியிலிருந்து ஊற்றவேண்டும். வெள்ளைமூடி வாளியைத் தொடக்கூடாது, அது உப்பு. சனிக்கிழமை சனிக்கிழமை இடுக்கியால் ஒரு சிறு இறால் துண்டைப் பாயின் நடுவில் வைக்கவேண்டும். இதைப் பழக ஒன்றரை வருடமானது. பழகிய பிறகு ஒருநாளும் பிசகவில்லை. ஒருத்தன் ஒரு காரியத்தைப் பொறுப்பாகச் செய்கிறான் என்று தெரிந்தால், எங்கே போனாலும் மனிதர்கள் அவனை மனிதனாக நடத்துவார்கள் என்பது அக்காவின் கணக்கு.

ஒருநாள் மாடியில் துணி எடுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். அக்கா கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, ஏதாவது ஏற்பாடு ஆகற வரைக்கும், கொஞ்ச நாள் இவன உன்னால பாத்துக்க முடியுமாம்மா?"

எனக்கு இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமனார், இரண்டே அறை. எல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது.

"பாக்கலாம்க்கா," என்றேன்.

அக்கா தலையை ஆட்டிவிட்டு, துணிக்கு மாட்டும் கவ்விகள் இப்போதெல்லாம் சீக்கிரம் உடைந்துவிடுகின்றன என்று பேச்சை மாற்றினார். அப்புறம் எப்போதும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நானாகவும் எடுக்கவில்லை. சரிக்கா என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதன் பிறகுதான் அவர் காப்பகங்களைத் தேடிப்போக ஆரம்பித்தார். முதல் இடத்தில் எல்லோரையும் வரிசையாகச் சுவர் டிவிக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்களாம், டிவி ஓடவில்லையாம். இரண்டாவது இடத்தில் வயது கூடிவிட்டது என்றார்கள். மூன்றாவது நன்றாக இருந்தது. மரங்கள் இருந்தன. பொறுப்பாளர் அம்மா மெல்லப் பேசுகிறவர். ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும் என்றார்கள். தம்பிக்கு அப்போது நாற்பத்தொன்று. அக்கா கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, அந்த ஏழு நாளும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். வீட்டில் விளக்கு எரிந்த மாதிரியே தெரியவில்லை.

தம்பி அங்கே அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, சொன்னதையெல்லாம் கேட்டார். குடிதண்ணீர் வைத்திருக்கும் பெரிய கேன் முன்னால் மட்டும் மணிக்கணக்கில் நின்றுகொண்டிருந்தார் என்று பொறுப்பாளர் அம்மா சொன்னார். யாராவது தண்ணீர் பிடித்தால் கேனுக்குள் குமிழி எழும்பும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அக்கா மீன்தொட்டியைப் பற்றிக் கேட்டார். அவ்வளவு பெரிய தொட்டிக்கு அங்கே இடமில்லை, இன்னொருவர் தட்டிவிட்டால் ஆபத்து என்றார்கள். அதில் தப்பில்லை. இப்போதைக்கு வேண்டாம், பெயரை மட்டும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், எனக்கு முடியாமல் போகும் நாளுக்கு ஓர் இடம் வேண்டும், காலியாகும்போது கூப்பிடுங்கள் என்று சொல்லி அக்கா தம்பியைக் கூட்டிவந்தார். பொறுப்பாளர் அம்மாவிடம் கொடுக்க ஒரு கோப்பும் தயார்செய்ய ஆரம்பித்தார். இடது பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்குவான். பின்னாலிருந்து சத்தமாகக் கூப்பிடக்கூடாது. வலித்தால் சொல்லமாட்டான், பாட்டு முணுமுணுப்பான்; முணுமுணுத்தால் எங்கே வலிக்கிறது என்று கேட்கவேண்டும். இப்படி நாற்பது பக்கம்.

நாற்பத்து நான்கில் தம்பிக்கு மறதி வந்தது. அவரைப் போன்றவர்களுக்கு அது சீக்கிரமே வரும் என்று டாக்டர் சொன்னார். இறாலை ஒரே நாளில் மூன்று தடவை வைப்பார். நீலமூடியையும் வெள்ளைமூடியையும் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருப்பார். அக்கா இரண்டு வாளியிலும் நல்ல தண்ணீரையே நிரப்பிவைத்தார். உப்புத் தண்ணீர் வாளியைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தார். எதை எடுத்து ஊற்றினாலும் சரியாகத்தான் ஊற்றியிருக்கிறாய் என்று பாராட்டுவார். கொஞ்ச நாளில் படியேறும்போது மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. நான்கு படிக்கு ஒருமுறை உட்கார்ந்துதான் மூன்றாம் மாடிக்கு வருவார். எங்கள் வாசலில் உட்காரும்போது பிஸ்கட் கொடுப்பேன். ஒருநாள் என்னைப் பார்த்து, நீங்க யாரு என்று கேட்டுவிட்டு, உடனே வெட்கப்பட்டுச் சிரித்தார்.

நாற்பத்தாறாம் வயதில், மழை விடாமல் பெய்த ஒரு மாதத்தில், சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். அந்த ஆறு நாளும் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். காலையிலும் மாலையிலும் போய்த் தண்ணீர் அளவு பார்த்தேன், மீனுக்குப் போட்டேன், விளக்கைப் போட்டு அணைத்தேன். பெரிய மீன் தனக்குப் போட்ட தீனியில் ஒரு துண்டை வாயில் கவ்விக்கொண்டுபோய்ப் பாயின் மேல் வைத்ததைப் பார்த்தேன். அதுவரை எனக்குத் தெரியாது, அவை அப்படிச் செய்யும் என்று.

மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு தம்பி ஒரு தடவை, பாயை யாரு பாத்துக்கறா என்று கேட்டாராம். கீழக்கா என்றாராம் அக்கா.

"சரி. கீழக்கா நல்லவ," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாராம். அக்கா இதை எனக்குச் சந்தோஷம் தரும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு, நர்ஸ் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது, தம்பி போய்விட்டார்.

மூத்தவர் வந்தார், எல்லாக் காரியத்தையும் முறையாகச் செய்தார், தங்கைக்காக அழவும் செய்தார். கிளம்பும்போது, இனிமேலாவது உனக்கென்று கொஞ்சம் இரு என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அவர் போன பிறகு நானும் அக்காவும் தொட்டி இருந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா அந்தக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொரு வருஷமா நான் முந்திப் போயிடுவேன்னுதாம்மா பயந்தேன். அதுக்குத்தான் எல்லா ஏற்பாடும் பண்ணேன். அவன் முந்திப்பான்னு எனக்குத் தோணவே இல்ல," என்றார். கோப்பின் ஓரத்தை நேராக்கிவிட்டு, "சந்தோஷப்படணும் இல்ல? அவனத் தனியா விடலயே," என்றார். நான் தலையாட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதினொரு வாரம் கழித்துக் கடைக்கு ஒரு போன் வந்தது. காப்பகத்துப் பொறுப்பாளர் அம்மா. ஓர் இடம் காலியாகியிருக்கிறது, தம்பியை அழைத்துவரலாம் என்றார். பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லவேண்டும் என்று அக்காவுக்கு அதுவரை நினைவே வந்திருக்கவில்லை. ஒரு கையில் பாதி தேய்த்த லென்ஸ் இருந்தது. இப்ப வேண்டாம்மா, வேற யாருக்காவது குடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இறந்துவிட்டான் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவங்க ஒரு நல்ல சேதி சொல்லத்தானே கூப்பிட்டாங்க," என்றார். அந்த லென்ஸ் வீணாகிப்போனது. இத்தனை வருடத்தில் தான் வீணாக்கிய மூன்றாவது லென்ஸ் அது என்றார்.

அதற்குப் பிறகும் மூன்று வருடம் தொட்டியை வைத்திருந்தார். பார்த்து ரசித்தார் என்று சொல்லமாட்டேன். வேலையிலிருந்து வந்து, அளவு பார்த்து, ஊற்றவேண்டியதை ஊற்றி, போடவேண்டியதைப் போட்டு, விளக்கை அணைப்பார். பிறகு கண் மங்கத் தொடங்கியது. கண்ணின் நடுவில் ஒரு புகைத்திட்டு. ஓரத்தில்தான் தெரிகிறது என்றார். ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கண்ணாடி தேய்த்துக் கொடுத்தவருக்கு எந்தக் கண்ணாடியும் உதவவில்லை. கடை வேலையை விட்டார். உப்பு அளக்கும் கருவியில் கோடு தெரியவில்லை. சில நாள் என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒருநாள் மீன்கடைக்காரருக்கு அவரே போன் செய்தார். ஒரு கல்லூரி விலங்கியல் கூடத்தில் தொட்டியைக் கேட்கிறார்கள் என்று அவர் ஏற்பாடு செய்தார்.

மடங்காத காலோடு மூன்று மாடி ஏறிவந்தார் அந்த மனிதர். மீன்களை எடுத்தாயிற்று. பாயை எடுப்பதுதான் பெரும்பாடு. அதன் அடிப்பாகம் மணலுக்குக் கீழே கண்ணாடியை அத்தனை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. கிழிந்தால் பிழைக்காது. கத்தி, தகடு எதுவும் ஆகாது. விரல் நுனியால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித்தான் விடுவிக்கவேண்டும். நான் செய்கிறேன் என்று அக்கா தோள்வரை கையை உள்ளே விட்டார். கண் தேவைப்படாத வேலை. ஒன்றரை மணி நேரம். ஒரு பக்கம் விட்டால் இன்னொரு பக்கம் பிடித்துக்கொள்ளும். கடைசியில் கண்ணாடியை விட்டது. அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. இழை இழையாக அதைப் பிரித்து வாளியில் விட்டோம். கையெல்லாம் சிவப்புத் தடிப்பு.

"பத்திரமா பாத்துக்குவாங்கல்ல?" என்று கேட்டார் அக்கா.

"இது நம்ம எல்லாரையும் தாண்டி இருக்கும்மா," என்றார் மீன்கடைக்காரர்.

அந்தத் தடிப்பு ஒரு வாரம் இருந்தது. மருந்து போடச் சொன்னேன், போடவில்லை.

படி ஏறி இறங்க முடியாததால் அக்கா பிறகு நான்கு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஓர் அறைக்கு மாறிப்போனார். மூத்தவர் கூப்பிட்டும் அவரிடம் போகவில்லை. முதலில் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு நினைவு வரும்போது. போனால் தேநீர் போட்டுத் தருவார். கைக்கு அளவு பழகியிருந்ததால் ஒரு சொட்டுச் சிந்தாது. என் பிள்ளைகளின் வேலை, கல்யாணம் எல்லாம் கேட்பார். தம்பியைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

போன மாதம் போயிருந்தபோது, காற்று வாங்குகிற மாதிரி இருக்கும் என்று பஸ் நிறுத்தம்வரை என்னோடு வந்தார். பெரிய சாலையைக் கடக்கவேண்டும். கண் தெரியாதவர், நாம்தான் கையைப் பிடிக்கவேண்டும் என்று நான் நினைப்பதற்குள், அவர் என் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டார். பார்வை தெரியும் ஓரத்தால் இரண்டு பக்கமும் பார்த்து, வா, இப்ப வா, ஓடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே என்னைச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார். கடந்த பிறகும் பிடியை விடவில்லை. பஸ் வந்தது. அதை விட்டுவிட்டேன். அடுத்த பஸ்ஸும் போகட்டும் என்று அப்படியே நின்றேன்.